160 ரூபாய் வாஷரில் முடிய வேண்டியது: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் கசிவில் நான் பட்ட பாடு

எங்கள் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் வெள்ளை டைல்ஸ் பதித்திருக்கிறோம். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, அந்த டைல்ஸில் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் ஒரு சொட்டு கிடந்தது. அம்மா வாசலில் கோலத்துக்குக் காவி அடித்தபோது சிந்தியிருக்கும் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். மறுநாளும் அதே இடத்தில் இருந்தது. விரலால் தொட்டால் வழுவழுவென்று எண்ணெய். தண்ணீர் விட்டால் போகவில்லை, சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. அன்றே வண்டியை எடுக்காமல் நிறுத்தியிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. கேட்பதற்கும் பக்கத்தில் யாரும் இல்லை. கணவர் தோஹாவில் வேலையில் இருக்கிறார். கோயம்புத்தூரில் நானும் அம்மாவும்தான். என்னைப்போல் தனியாக வண்டியைப் பார்த்துக்கொள்கிற யாராவது ஒருவருக்காவது உதவும் என்றுதான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

இடது முழங்காலில் லிகமென்ட் ஆபரேஷன் ஆன பிறகு க்ளட்ச் மிதிக்க முடியாமல் போனது. அதனால் 2009 மாடல் ஆட்டோமேட்டிக் செடான் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஐந்து கியர், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கிற டார்க் கன்வெர்ட்டர் வகை. இந்த வகைக் கியர்பாக்ஸில் ஓடும் ஆயிலுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் ட்ரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) என்று பெயர். எஞ்சின் ஆயிலோடு குழம்பக் கூடாது என்பதற்காகவே பெரும்பாலும் அதற்குச் சிவப்புச் சாயம் சேர்க்கிறார்கள். மேனுவல் வண்டியின் கியர் ஆயில் பற்சக்கரங்கள் தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதற்கு வேலை அதிகம். எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது இந்த ஆயில்தான். உள்ளே இருக்கும் க்ளட்ச் ப்ளேட்டுகளை அழுத்திப் பிடித்துக் கியர் மாற்றுவதும் இதன் அழுத்தம்தான். சூட்டை வெளியே கொண்டுபோவதும் இதுதான். கியர்பாக்ஸிலிருந்து ஒரு பைப் வழியாக ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் இருக்கும் சின்னக் கூலருக்குப் போய், ஆறி, இன்னொரு பைப் வழியாகத் திரும்பி வருகிறது. அந்த இரண்டு பைப்புகளில் ஒன்று கியர்பாக்ஸில் சேரும் இடத்தில்தான் எனக்குக் கசிவு. அளவு குறைந்தால் சொல்வதற்கு என் வண்டியின் டேஷ்போர்டில் விளக்கு எதுவும் கிடையாது. எஞ்சின் ஆயிலுக்கு விளக்கு இருப்பதால் இதற்கும் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பட்டறைக்குத்தான் முதலில் போனேன். கடையின் பெயரோ அந்தப் பையனின் பெயரோ வேண்டாம். மற்ற வேலைகளை ஒழுங்காகச் செய்கிற பையன்தான். வண்டியைத் தூக்கிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "பைப் ஜாயின்ட்ல லீக்குங்க்கா, பத்து நிமிஷ வேலை" என்றான். போல்ட்டைக் கழற்றி, மரையில் வெள்ளை டெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்றுச் சுற்றி, திரும்ப முடுக்கினான். வீட்டில் குழாய் மாட்டும்போது ப்ளம்பர் சுற்றுவாரே, அதே டேப். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தண்ணீர்க் குழாய்க்கு ஆவது ஆயில் பைப்புக்கும் ஆகும்தானே என்று நினைத்தேன். கூலி 400, ஒரு லிட்டர் ஆயில் 850.

பன்னிரண்டு நாள் டைல்ஸ் சுத்தமாக இருந்தது. பதின்மூன்றாம் நாள் திரும்பவும் சிவப்பு. இந்தத் தடவை ஒரு சொட்டு இல்லை, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மூன்று வட்டங்கள். அதே பட்டறைக்குப் போனேன். "டைட் பத்தலைங்க்கா" என்று சொல்லி, ஸ்பேனர் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டு முடுக்கினான். நான் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தேன். அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. போல்ட் இறுகி இறுகி வந்தது. ஒரு கட்டத்தில் 'க்ளக்' என்று மெல்லிய சத்தம். அதற்குப் பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சுலபமாகக் கால் சுற்று சுற்றியது. அவன் ஒரு நொடி நிறுத்தி என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கறுப்பு சிலிக்கான் பேஸ்ட்டை எடுத்து போல்ட்டைச் சுற்றி அப்பிவிட்டு, "இனிமே சொட்டு வராதுங்க்கா" என்றான். கூலி 700, இன்னொரு லிட்டர் ஆயில் 850.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். இறுகிக்கொண்டே வந்த போல்ட் திடீரென்று இளகிச் சுற்றினால், அது சரியாக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்மரை உரிந்துவிட்டது. கியர்பாக்ஸின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான். என் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் அந்தப் போல்ட்டுக்குக் கொடுத்திருக்கும் இறுக்கம் 28 நியூட்டன் மீட்டர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதே மேனுவலில் வீல் நட்டுக்கு 108. வீல் நட்டுக்குக் கொடுக்கும் பலத்தில் நாலில் ஒரு பங்கு போதும் என்கிற இடத்தில் குழாய் செருகி முடுக்கினால் என்ன ஆகும்? அந்த நேரத்தில் உங்கள் உள்மனசு ஏதாவது சொன்னால் வாயைத் திறந்து கேளுங்கள். கார் வேலை தெரியாதவள் என்ற கூச்சத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆவணி மாதம் அம்மாவுக்கு வால்பாறையில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் டைல்ஸைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பொள்ளாச்சி வரை ஒரு குறையும் இல்லை. ஆழியாறு தாண்டினால் மலைப்பாதை, மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். ஒன்பதாவது வளைவில், அணை முழுவதும் தெரிகிற லோம்ஸ் வியூ பாயின்ட்டில், அம்மா இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். வண்டியை நிறுத்தியதும் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. மலை ஏறினால் எல்லா வண்டியிலும் வருகிற ப்ரேக் வாசனை என்று விட்டுவிட்டேன். அது சூடான சைலன்ஸர் பைப்பின் மேல் ஆயில் சொட்டிப் புகைந்த வாசனை. நெருப்பே பிடித்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது.

இன்னும் நாலு வளைவு தாண்டி ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஆர்.பி.எம். முள் நாலாயிரத்தைத் தொட்டது. வண்டி பின்னால் வழுக்க ஆரம்பித்தது. பின்னால் ஒரு அரசுப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ப்ரேக்கை மிதித்து, ஹேண்ட் ப்ரேக்கை இழுத்து, அம்மாவை இறங்கச் சொல்லிச் சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னேன். எழுபத்தொரு வயது மனுஷி, பட்டுப்புடவையோடு சாலையோரத்தில் கல் பொறுக்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு ப்ரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. பேருந்து டிரைவரும் கண்டக்டரும் இறங்கி வந்து வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். குனிந்து பார்த்தால், நாங்கள் வந்த பாதை நெடுக ஒரு சிவப்புக் கோடு.

அப்போது ஒரு ஜீப்காரர் நல்ல மனசோடு, "கயிறு கட்டிப் பொள்ளாச்சி வரைக்கும் இழுத்துட்டுப் போயிர்றேங்க" என்றார். நல்லவேளை, கணவர் போனில் இருந்தார். அவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆட்டோமேட்டிக் வண்டியில் உள்ளே ஆயிலைச் சுற்றவிடும் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். எஞ்சின் ஓடாமல், இயக்குகிற சக்கரங்கள் மட்டும் தரையில் உருண்டால், கியர்பாக்ஸின் உள்பாகங்கள் எண்ணெயே இல்லாமல் ஒன்றோடொன்று உரசும். என் வண்டிக்கு இயக்கம் முன்சக்கரத்தில். அதனால் முன்பக்கத்தையாவது தூக்க வேண்டும், முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்கிற ரீக்கவரி லாரி கிடைத்தால் இன்னும் நல்லது. லாரி வர நாலரை மணி நேரம் ஆனது. வாடகை 7,000. வளைகாப்புக்குப் போகவில்லை. அம்மா அடுக்கி எடுத்து வந்த கண்ணாடி வளையல் பெட்டி பின்சீட்டிலேயே கிடந்தது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறையில் வண்டியை இறக்கினேன். மூன்றாம் நாள் கூப்பிட்டுக் காட்டினார்கள். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் பாகங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். க்ளட்ச் ப்ளேட்டுகள் கருகி, ஓரத்தில் விரல் வைத்தால் கரி ஒட்டியது. ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார் அந்த மெக்கானிக். வலையின் மேல் ஊறிய அவல்போல் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருந்தது. நான் கைநகத்தால் எடுத்துப் பார்த்தேன். டெஃப்லான் டேப். போல்ட் மரையில் ஏறும்போது டேப் நார்நாராகக் கிழிந்து உள்ளே போயிருக்கிறது. கூடவே கறுப்பாக ரப்பர் துணுக்குகள், அது சிலிக்கான். வலையில் பாதி அடைத்திருந்தது. ஆயில் குறைந்து, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சி, அழுத்தம் விழுந்து, ப்ளேட்டுகள் இறுகப் பிடிக்க முடியாமல் வழுக்கிக் கருகின என்பதுதான் பெரிய காரணம். இருக்கிற கொஞ்ச ஆயிலும் சரியாகப் போகவிடாமல் டேப் தடுத்திருக்கிறது. மொத்த வேலைக்கு 82,500 சொன்னார்கள். அந்த இடத்திலேயே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

உரிந்த மரையைச் சரிசெய்ய, கணபதியில் ஒரு லேத் பட்டறையிலிருந்து வயதான ஃபிட்டர் ஒருவர் வந்தார். இந்த விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான். போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார். சாதாரண போல்ட் இல்லை அது. நடுவில் துளை போகிறது, கழுத்தில் குறுக்காக இன்னொரு துளை. பான்ஜோ போல்ட் என்கிறார்கள். பைப்பின் முனை மோதிரம்போல் இருக்கும். அந்த மோதிரத்துக்குள் போல்ட்டை நுழைத்துக் கியர்பாக்ஸில் முடுக்க வேண்டும். ஆயில் போல்ட்டின் உள்துளை வழியாக வந்து, குறுக்குத் துளையில் வெளியேறி, மோதிரத்துக்குள் பாய்ந்து, பைப்பில் போகும். "இப்ப சொல்லு அம்மிணி, எண்ணெய் வெளிய வாரதுக்கு எத்தன வழி?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் இரண்டு. போல்ட்டின் தலைக்கும் மோதிரத்துக்கும் நடுவில் ஒன்று, மோதிரத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒன்று. இரண்டு இடத்திலும் ஒவ்வொரு வாஷர் உட்கார வேண்டும். மரை அந்த வாஷருக்கு உள்பக்கம் இருக்கிறது. மரையில் ஆயில் எவ்வளவு ஊறினாலும் வாஷரைத் தாண்டாமல் வெளியே வராது. "மரை புடிக்கறதுக்கு அம்மிணி, அடைக்கறதுக்கு இல்ல. அடைக்கறது வாஷரு. அங்க போயி டேப்பச் சுத்துனா என்னத்துக்கு ஆகும்?"

பழைய வாஷர்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அலுமினிய வாஷர்கள். நகத்தால் வருடினால் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் தட்டியது. முதல்முறை முடுக்கும்போது அந்த மெல்லிய உலோகம் நசுங்கி, எதிரில் இருக்கும் பரப்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்பப் படிந்துகொள்கிறது. கழற்றித் திரும்பப் போட்டால் அதே தடத்தில் உட்காராது, கசியும். பதினைந்து வருஷத்தில் யாரோ ஒருமுறை கழற்றி, பழைய வாஷரையே போட்டிருக்கிறார்கள். பட்டறைப் பையனும் அதையேதான் இரண்டு தடவை போட்டான். நோய் அவ்வளவுதான். ஒரு வாஷர் 40 ரூபாய். இரண்டு பைப்புக்கும் சேர்த்து நாலு வாஷர், 160 ரூபாய்.

அலுமினிய வாஷர் ஒருதடவை சமாச்சாரம், கழற்றினால் தூக்கிப் போட வேண்டியதுதான். செம்பு வாஷராக இருந்து, வேறு வழியே இல்லாத ஊரில் மாட்டிக்கொண்டால், அதைத் தீயில் செக்கச்செவேலென்று காய்ச்சி ஆறவிட்டால் திரும்ப மிருதுவாகிவிடும் என்றார் ஃபிட்டர். இரும்பு வளையத்தின் உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய வாஷரும் உண்டு. ஆயில் சீல் கடைகளில் டவுட்டி வாஷர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதையும் திரும்பப் போடக் கூடாது. எதுவாக இருந்தாலும் உள்விட்டமும் வெளிவிட்டமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய வாஷரைக் கையோடு கொண்டுபோய் அதன் மேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வாஷர் உட்காரும் இரண்டு பரப்பும் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், கசிவதற்கு. சிலிக்கான் அப்பியிருந்த இடத்தை அவர் கத்தியால் சுரண்டவே விடவில்லை. அலுமினியத்தில் கோடு விழுந்தால் அந்தக் கோடே ஆயிலுக்கு வாய்க்கால் ஆகிவிடுமாம். மரச்சில்லால் பொறுமையாக எடுத்தார், முக்கால் மணி நேரம்.

மரைக்கு ஹெலிகாயில் வைத்தார். உரிந்த ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்து, புது மரை வெட்டி, அதில் ஸ்ப்ரிங்போல் சுருண்ட எஃகுக் கம்பியை இறக்கினால், அதன் உள்பக்கம் பழைய அளவு மரையாகிவிடும். ட்ரில்லிலும் டேப்பிலும் (இது மரை வெட்டும் டேப்) கிரீஸைத் தாராளமாகத் தடவிக்கொண்டார். வெட்டுகிற அலுமினியத் தூள் உள்ளே விழாமல் கிரீஸிலேயே ஒட்டிக்கொள்ளும். கியர்பாக்ஸ் பிரித்துப் போட்டிருந்ததால் உள்ளே கழுவவும் முடிந்தது. வண்டியிலேயே வைத்துச் செய்ய வேண்டிவந்தால் இந்தத் தூள்தான் பெரிய ஆபத்து. இந்த வேலைக்கு 1,500.

ஐந்து வாரம் கழித்து வண்டி வந்தது. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. மூன்று வாரம் நிம்மதி. அப்புறம் ஒரு காலையில் டைல்ஸில் திரும்பவும் சிவப்பு. நான் கதவருகிலேயே நின்று அழுதுவிட்டேன். அம்மா காபி கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார்கள். ஆனால் இந்தத் தடவை உடனே ஓடவில்லை. எங்கிருந்து வருகிறது என்று முதலில் நானே கண்டுபிடிப்பது என்று முடிவு பண்ணினேன்.

கசிவு தேடும்போது எல்லோரும் சொட்டு விழுகிற இடத்தைப் பார்ப்போம். அது தப்பு. ஆயில் கீழ்நோக்கி ஓடி, வண்டி போகும்போது காற்றில் பின்பக்கம் பரவி, எங்கேயோ தாழ்வான ஒரு விளிம்பில் சேர்ந்துதான் சொட்டும். ஈரத்தின் மேல் எல்லை எது, முன் எல்லை எது என்று பார்க்க வேண்டும். ப்ரேக் க்ளீனர் ஸ்ப்ரே ஒரு டப்பா வாங்கி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பைப், ஹோஸ், இணைப்புகள் எல்லாவற்றையும் அடித்துத் துடைத்துக் காயவிட்டேன். பிறகு முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடரைப் பழைய மேக்கப் ப்ரஷ்ஷால் எல்லா இணைப்பிலும் தூவினேன். வண்டியை ஸ்டார்ட் செய்து, ப்ரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கியர் லிவரை பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி வைத்தேன். கால் மணி நேரம் சுற்றிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கியர்பாக்ஸ் பக்கம் பவுடர் வெள்ளையாக அப்படியே இருந்தது. ரேடியேட்டர் பக்கம் ரப்பர் ஹோஸ் மாட்டியிருக்கும் இடத்தில், க்ளிப்புக்குக் கீழே ரோஜாப்பூ நிறத்தில் ஒரு கோடு. இரண்டு மாதமாக எனக்கு இருந்த பயத்தில் பாதி அந்தக் கோட்டைப் பார்த்ததும் போய்விட்டது. இடம் தெரிந்துவிட்டதே.

ஹோஸைத் தொட்டால் கொழகொழவென்று மெதுவாக, வெளிவிட்டம் உப்பியிருந்தது. ஓவர்ஹால் நேரத்தில் பழைய ஹோஸ் வெடித்திருக்கிறதென்று புதிது போட்டிருக்கிறார்கள், ஆனால் அது ஹீட்டர் தண்ணீர் போகிற ஹோஸ். அந்த ரப்பர் சுடுதண்ணீரைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பும். ப்ரேக் ஆயிலுக்கான ரப்பரும் பெரும்பாலும் இதே இனம்தான். அதனால் ப்ரேக் கிட்டில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அளவு பொருந்துகிறதே என்று கியர்பாக்ஸ் லைனில் போட்டுவிடாதீர்கள். ஏ.டி.எஃப்.புக்கு நைட்ரைல் ரப்பர் ஆகும், சூடு அதிகமான இடத்துக்கு விட்டான் (Viton) என்கிற ரப்பர். கடையில் 'ஆயிலுக்கா, தண்ணிக்கா' என்று அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். ஹோஸின் மேலேயே ட்ரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கானது என்று, அல்லது எஸ்.ஏ.இ. ஜே1532 என்று, அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கினேன்.

க்ளிப்பும் தப்புதான். திருகாணி வைத்த க்ளிப் போட்டு இறுக்கியதில் அதன் பல் ரப்பருக்குள் பதிந்திருந்தது. கம்பெனியில் போட்டிருந்தது ஸ்ப்ரிங் க்ளிப். ரப்பர் சூட்டில் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் அது தானாகவே கூடக்குறையப் பிடித்துக்கொள்ளும். பைப் முனையில் சின்னதாக ஒரு மேடு இருக்கும். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி நன்றாக உள்ளே போய், க்ளிப் மேட்டுக்கு அப்பால் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே உட்காரக் கூடாது. ஹோஸ், க்ளிப் எல்லாம் சேர்த்து 1,900. மாட்டியது நானேதான். கை முழுக்கச் சிவப்பாகி, நகக்கண்ணில் மூன்று நாள் கறை போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "மிஸ், மருதாணியா?" என்று கேட்டார்கள்.

எல்லா வண்டியிலும் பான்ஜோ போல்ட் இருக்காது. ஓஹாயோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பழைய அமெரிக்க வண்டிகளை வாங்கிச் சரிசெய்கிறவன். இவ்வளவும் நடந்த பிறகு அவனிடம் பேசினேன். அவன் முதலில் கேட்டது, "என்ன வகை ஜாயின்ட்க்கா?" என்றுதான். ஜி.எம். கம்பெனியின் டி.எச்.350, டி.எச்.400 மாதிரியான பழைய கியர்பாக்ஸ்களில் கூலர் லைன் துவாரம் கால் இன்ச் நேர் மரையாம். ஹார்டுவேர் கடையில் கிடைப்பது பெரும்பாலும் என்.பி.டி. என்கிற சரிவு மரை, 16-க்கு 1 என்ற கணக்கில் கூம்பாகப் போகும். முதல் சில சுற்று நன்றாகவே ஏறும். பிறகு ஆப்பு அடிப்பதுபோல் அலுமினியத்தை விரித்துக் கடைசியில் பிளந்துவிடும். அவன் நண்பன் ஒருவனுக்கு அப்படிக் கியர்பாக்ஸின் உடம்பே வெடித்திருக்கிறது. பைப்பின் முனையைப் புனல்போல் விரித்து நட்டால் அழுத்துகிற ஃப்ளேர் வகை இருந்தால், உலோகமும் உலோகமும் படிவதுதான் அடைப்பு, அங்கேயும் மரையில் டேப்புக்கு வேலையில்லை. அதைக் கழற்ற ஃப்ளேர் நட் ஸ்பேனர் வேண்டும். சாதாரண ஸ்பேனர் நட்டின் மூலையை மழுக்கிவிடும். ஒரு ஸ்பேனரால் ஃபிட்டிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பைப்பே முறுக்கிக்கொள்ளும். புது வண்டிகளில் தள்ளினால் 'டிக்' என்று மாட்டிக்கொள்கிற வகை வருகிறது. அதில் அடைப்பது உள்ளே இருக்கும் ஓ-ரிங், பிடிப்பது கம்பி க்ளிப். மாட்டிய பிறகு பைப்பைப் பிடித்து ஒருமுறை வெளிப்பக்கமாக இழுத்துப் பார்க்க வேண்டும். மரையே அடைக்கிற வேலையைச் செய்கிற ஒரே வகை அந்தச் சரிவு மரைதான். தனியாகக் கூலர் வாங்கி மாட்டுகிறவர்களுக்கு அது வரும். அங்கேயும் டேப்பைவிட டெஃப்லான் கலந்த பேஸ்ட் நல்லது என்கிறான். முனையில் முதல் இரண்டு மரையில் தடவாமல் விட்டால் உள்ளே ஒன்றும் போகாது.

ஆயில் அளவு பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. என் வண்டிக்கு எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஆஃப் செய்து, 60 முதல் 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். வேறு பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளும் இருக்கின்றன, அவற்றில் ஆயிலின் சூட்டை அளந்து அடியில் ஒரு போல்ட்டைத் திறந்து பார்ப்பார்கள். உங்கள் மேனுவலில் உங்கள் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதிகமாக ஊற்றினாலும் நுரை கட்டிக் கெடுக்கும். எந்த ஏ.டி.எஃப். என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று இல்லை.

மொத்தக் கணக்கை நோட்டில் எழுதிக் கூட்டினேன். முதல் இரண்டு தடவை பட்டறையில் 2,800, லாரி 7,000, ஓவர்ஹால் 82,500, மரை 1,500, ஹோஸும் க்ளிப்பும் 1,900, வாஷர் 160. ஆகமொத்தம் 95,860 ரூபாய். ஐந்து வாரம் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனதை இதில் சேர்க்கவில்லை. அம்மாவின் அத்தை பேத்திக்கு நடந்த வளைகாப்பும் போனதுதான். அந்தப் பட்டறைப் பையன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஒரு மாதம் கழித்து அங்கே போய் ஸ்ட்ரெய்னரில் எடுத்த டேப்பைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "பான்ஜோ போல்ட்டுக்கு வாஷர் மாத்தணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தரலைங்க்கா" என்றான். அவனுக்கும் கற்றுக்கொடுக்க ஆளில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஃபிட்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன். எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான்.

இப்போது ராத்திரியில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைக்கிறேன். காலையில் வாசல் தெளித்ததும் அம்மாதான் போய்ப் பார்ப்பார்கள். கார்த்திகையிலிருந்து அட்டை சுத்தமாக இருக்கிறது. தை மாதம் குழந்தை பிறந்திருக்கிறது என்று போன் வந்தது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வால்பாறை போகிறோம். வண்டியின் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு தபால் கவரில் நாலு புது வாஷர் வைத்திருக்கிறேன், வளையல் பெட்டி பின்சீட்டில் இருக்கிறது.